முதல் வரி சாமிக்கு

ஸ்ரீமுக வருஷம், மார்கழி 1, வியாழன்

முதல் வரியை சாமிக்கு விட்டாயிற்று. இரண்டாம் வரியிலிருந்து என் பாடு.

இது சாமான் கணக்கு நோட்டின் பின்பக்கம். முன்பக்கத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர் மாற்றிய தேதி. பின்பக்கத்தில் என் எரிச்சல். எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் குழம்பில் புளி தூக்கலாகிவிடுகிறது. மார்கழி முடிகிறவரை யாரையும் வைவதில்லை என்று சங்கல்பம் செய்திருக்கிறேன். எழுதுவது வைவதில் சேராது.

இன்று புது மூட்டை பிரித்தேன். முதல் படி சாமி பானைக்கு. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால், கொடுத்ததை சாமியிடமே சொல்லிக் காட்டின மாதிரி. அது போக நாற்பத்தெட்டு படி.

அத்தான் நாற்பத்தெட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு உலகத்தில் இல்லாத உருண்டைகளைப் பற்றித்தான் கவலை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக அதே உருண்டை. அதற்குக் கனம் இல்லை, நிறம் இல்லை. ஒன்றையொன்று இழுக்காது, தள்ளாது. ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று நுழையாது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த ஒழுங்கு. கடினக் கோளம் என்று பெயர். பெரிசும் சிறிசுமாகக் கோடிக்கணக்கில் ஒரு பாத்திரத்தில் போட்டு நெருக்கினால் கலந்தே இருக்குமா, பெரிசு ஒரு பக்கம் சிறிசு ஒரு பக்கம் என்று பிரியுமா? இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர், அவருக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு ஃபேன்.

கலந்தேதான் இருக்கும் என்று அத்தான் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதி எட்டு வருஷம் ஆகிறது. அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கம் எங்கள் பூஜை அறையில், நடராஜருக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கடைசி வரிக்காக மாட்டியது. 'எண்களைக் கூட்டித் தந்த என் மனைவிக்கு நன்றி' என்று இங்கிலீஷில் இருக்கிறது. பத்தாவதோடு நின்ற நான் அகராதியை வைத்துக்கொண்டு அதை வாசித்தேன். தினமும் குங்குமம் வைக்கிறேன். உருண்டைக்கு இல்லை, கூட்டலுக்கு.

மனைவி என்றுதான் இருக்கிறது. பிரமநாயகி என்று இல்லை. சாமிக்குத் தெரியும்.

மார்கழி 3, சனி

அத்தானிடம் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிற ஜெபக்கனி என்ற பெண் இன்று முதல் தடவையாக வீட்டுக்கு வந்தாள். நாசரேத் பக்கம். செருப்பை வாசலில் விடத் தெரிந்திருக்கிறது. அந்த மட்டில் துறைத்தலைவரைவிட மேல்.

"ஆன்ட்டி, சார் இருக்காங்களா?"

ஆன்ட்டியாம். நான் என்ன கான்வென்ட் வாசலில் ஐஸ் விற்கிறவளா.

ஏலக்காய் நசுக்குகிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அவள் ஆராய்ச்சிப் புத்தகத்தில் நாலு அத்தியாயம். நாலாவது, உருண்டைகள் பிரியும் என்கிறது. அதாவது அத்தான் தப்பு என்கிறது. அத்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ஜனவரி பதின்மூன்றோடு அவளுடைய பதிவு காலாவதி. அதற்குள் கையெழுத்து இல்லாவிட்டால் ஐந்து வருஷமும் பாழ். திரும்பப் பதிய விதி கிடையாது.

"நாலாவதை எடுத்துடு. மூணு போதும் பட்டத்துக்கு," என்றார் அத்தான்.

"அது இல்லாம மூணும் எதுக்குன்னு யாராவது கேட்டா நான் என்ன சார் சொல்லுவேன்?"

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். அங்கே என் ஈரச்சேலைதான் தொங்கியது.

போகும்போது அடுக்களை வரை வந்து காப்பி டம்ளரைக் கழுவி வைத்தாள். "உங்க பிள்ளைங்க எங்க படிக்காங்க ஆன்ட்டி?"

"பிள்ளை இல்லை," என்றேன். எப்போதும் சொல்கிற பதில். அத்தான் கூடத்தில் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் நின்றது. மனுஷனுக்குக் காது மட்டும் கூர்மை.

மார்கழி 5, திங்கள்

சிலிண்டர் மாற்றியது. போன தடவை ஐம்பத்தொரு நாள் வந்தது, இந்தத் தடவை நாற்பத்தாறு. வெந்நீர் போடுகிறவர் யார் என்று எனக்குத் தெரியும்.

மார்கழி 8, வியாழன்

அந்தப் பெண் வாயை அடைக்க நானே ஒரு சோதனை செய்தேன். கண்ணாடிப் பாட்டிலில் ஓர் உழக்கு கொண்டைக்கடலை, ஓர் உழக்கு கடுகு. கலக்கிக் குலுக்கினேன். கலந்தே இருக்கும், அதை அவள் மூக்குக்கு நேரே நீட்டலாம் என்று எண்ணம்.

கடலை மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. கடுகு முழுக்கக் கீழே. மூன்று தடவையும் அதே. அத்தானிடம் கொண்டுபோய் வைத்தேன்.

"பிரியுதே அத்தான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இது புவியீர்ப்பு பிரம்மு. கடுகு சந்துல விழுது, கடலை மேல ஏறுது. என் உருண்டைக்குக் கனமே கிடையாதே."

கனம் இல்லாத உருண்டை. நல்ல வசதி. எதை நிரூபித்தாலும் இது அது இல்லை என்று சொல்லிவிடலாம். சல்லடையில் சலித்து இரண்டையும் பிரித்து வைத்தேன். கடுகு உழக்குக்கு உழக்கு சரியாக இருந்தது.

மார்கழி 10, சனி

கிறிஸ்துமஸ். ஜெபக்கனி அச்சு முறுக்கு கொண்டுவந்தாள். "கேக்ல முட்டை இருக்கு ஆன்ட்டி, அதான் இது மட்டும்," என்றாள். விவரமானவள்தான். முறுக்கில் எண்ணெய் வடியவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன்.

அத்தான் இல்லை. அதனால் அவளை நானே கேட்டேன். இழுக்கிற சக்தியே இல்லாத உருண்டை ஏன் பிரிய வேண்டும்?

இரண்டு முறுக்கை எடுத்துத் தட்டில் ஒட்டி வைத்தாள். "இது ரெண்டும் பெரிய உருண்டை. ஒட்டி நிக்கும்போது நடுவுல சின்னது நுழைய முடியாது. சுத்தி இருக்கிற சின்னது எல்லாம் வெளியே இருந்து இடிக்கும். உள்ளே இருந்து திருப்பித் தள்ள ஆள் இல்ல. அதனால ரெண்டும் ஒட்டினபடியே நிக்கும். இப்படி ஒண்ணோட ஒண்ணு சேந்து பெரிசெல்லாம் ஒரு பக்கமாப் போயிரும். பாசம் கீசம் எதுவும் கிடையாது ஆன்ட்டி. வெளிய கூட்டம், அவ்வளவுதான்."

பாசமே இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு ஆராய்ச்சி எதற்கு. இந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினால் போதும்.

பிறகு மெதுவாக அடுத்ததை ஆரம்பித்தாள். அத்தான் கட்டுரையில் ஒரு அட்டவணை. ஏழு நெருக்கத்துக்கு ஏழு கூட்டுத்தொகை. அதே சூத்திரத்தை இவள் கம்ப்யூட்டரில் போட்டால் ஏழுமே அதிகமாக வருகிறதாம். "சூத்திரம் சரி ஆன்ட்டி. கூட்டம் கூடக் கூட வித்தியாசம் மட்டும் பெரிசாயிட்டே போகுது. அந்தப் பழைய தாளெல்லாம் கிடைக்குமா? சார்ட்ட கேட்டா தொலைஞ்சுட்டுன்னு சொல்லுதாங்க."

"அந்தக் கூட்டல் நான் போட்டது," என்றேன்.

முறுக்கைக் கடித்தவள் மெல்லவில்லை.

"கம்ப்யூட்டர்ல கரண்ட் போயிருக்கும்," என்று சொல்லி அனுப்பினேன். என் கூட்டலில் குறையாம். கல்யாணமான நாளிலிருந்து உளுந்து ஓர் ஆழாக்கு தப்பினது கிடையாது இந்த வீட்டில்.

மார்கழி 14, புதன், திருவாதிரை

விடியுமுன் நெல்லையப்பர் கோவில். தாமிரசபை முன்னால் ஊரே நின்றது. தள்ளுமுள்ளு. இடுப்புயரப் பிள்ளைகள் வேறு கும்பலாக முண்டியடித்துக்கொண்டு வருகிறதும் போகிறதும். நானும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தோம். இடிபட்டு இடிபட்டு ஒரு கட்டத்தில் தோளோடு தோள் வந்துவிட்டோம். வந்த பிறகு விலக வழியில்லை. என்னுடைய அந்தப் பக்கமும் அவருடைய அந்தப் பக்கமும்தான் இடி. நடுவில் யாரும் வரவில்லை.

அந்தப் பெண் சொன்னது அப்படியே விளங்கிற்று. தீபாராதனை நேரத்தில் உருண்டை நினைப்பு. மன்னிக்க வேண்டும் நடராஜா.

அத்தான் அந்தத் தோள் துண்டை வீடு வரும்வரை சரிசெய்யவே இல்லை. கவனம் கிடையாது.

களிக்கு வெல்லம் முக்கால் படி.

மார்கழி 16, வெள்ளி

சௌந்தரம் மதினி வந்தார். அத்தானுக்கு மூத்தவர். வந்தால் வீட்டில் எது புதுசு, எது பழசு என்று கண்ணாலேயே பட்டியல் எடுத்துவிடுவார். இன்றைக்குப் பூஜை அறைச் சட்டத்தைப் பார்த்தார்.

"இன்னுமா இதுக்குக் குங்குமம் வைக்கே? தொட்டில்ல கிடக்க வேண்டியதுக்கு வைக்க வேண்டிய குங்குமம்."

சங்கல்பம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அத்தான்தான் எழுந்து, "அக்கா, காப்பி ஆறுது," என்றார். காப்பி இன்னும் போடவே இல்லை.

மார்கழி 19, திங்கள்

அத்தான் போக்கு சரியில்லை. நேற்று ரசம் பிரமாதம் என்றார். இன்று கொடியில் துணி உலர்த்தினார், அதுவும் என் சேலையை, உள்பக்கம் வெளியே தெரிய. புகழ்ச்சிக்கு மயங்குகிற வயசா எனக்கு.

பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே வந்ததும் மூடினார்.

"என்ன தேடுதீய?"

"ஒண்ணுமில்ல. பாச்சை உருண்டை போடலாம்னு."

அவருக்கு உருண்டையை விட்டால் வேறு நினைப்பில்லை. அவர் குளிக்கப் போனதும் திறந்து பார்த்தேன். தொலைந்துபோனதாகச் சொன்ன தாள்கட்டு அங்கேதான் இருந்தது, நான் நூல் கட்டிய மாதிரியே. ஏழில் ஆறு. நெருக்கம் மிக அதிகமான ஏழாவதைக் காணோம்.

கேட்டேன். "கரையானா இருக்கும்," என்றார்.

மற்ற ஆறையும் தொடாமல் ஏழாவதை மட்டும் நூலோடு அவிழ்த்துத் தின்கிற கரையான். படித்த கரையான்.

மார்கழி 20, செவ்வாய்

ஆறு தாளையும் இன்று கூட்டினேன். ஒவ்வொன்றிலும் நாற்பத்தொரு வரி. அந்தக் காலத்து என் எழுத்து இப்போதைவிட நன்றாகவே இருக்கிறது. முதல் வரி, இரண்டு பெரிய உருண்டையும் ஒட்டி நிற்கும்போது. அடுத்த வரி, இழையளவு விலகினால். இப்படியே நாற்பது படி விலகல். ஒவ்வொரு இடத்திலும் வெளியிலிருந்து நெருக்குவது எவ்வளவு என்று ஓர் எண். முதல் எண் பெரிசாக இருக்கும், வரவரச் சின்னதாகும்.

கட்டுரையில் அச்சானதேதான் வந்தது. மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் அதே. வியாழக்கிழமை அந்தப் பெண்ணை வரச்சொல்லிப் பக்கத்து வீட்டுப் போனில் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் வந்து என் முன்னால் உட்காரட்டும்.

முதல் தாளில் தேதி இருக்கிறது. ரக்தாக்ஷி வருஷம், ஐப்பசி 19. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினோராம் நாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அத்தான் தாள்கட்டையும் கால்குலேட்டரையும் கொண்டுவந்து பாயில் வைத்து, "கூட்ட ஆள் இல்லை பிரம்மு," என்றார். துறையில் அப்போது அவருக்கு நாலு மாணவர்கள் இருந்தார்கள். நாலு பேருக்குமா கூட்டத் தெரியாது? அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். நாளைக்கு நாலு வரியாகத் தை வரை கூட்டினேன்.

துவரம்பருப்பு நாளைக்கு வாங்க வேண்டும்.

மார்கழி 22, வியாழன்

ஜெபக்கனி வந்தாள். அத்தான் துறைக்குப் போயிருந்தார். ஆளுக்கு ஒரு கால்குலேட்டர். முதல் தாள் அவளுக்கு அதிகமாக வந்தது. எனக்கு அச்சிலிருப்பது போலவே.

"பட்டனை அழுத்தத் தெரியல உனக்கு."

"இன்னொருக்க போடுவோம் ஆன்ட்டி. வாய்விட்டுச் சொல்லுங்க, நானும் கூடவே போடுதேன்."

வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். நான் இரண்டு எண் சொல்லுமுன் அவள் கை நின்றுவிட்டது.

"ஆன்ட்டி. முதல் வரியை விட்டுட்டீங்க."

"விடலை. அது சாமிக்கு."

"சாமிக்கா?"

"எந்தக் கணக்குலயும் முதலாவது சாமிக்கு. அரிசி அளந்தாலும் அப்படித்தான். அதைச் சேர்க்கிறது வழக்கம் இல்லை. இதைக்கூடவா உங்க வீட்ல..."

சொல்லிக்கொண்டே தாளைப் பார்த்தேன். முதல் எண்ணைப் பார்த்தேன். கீழே உள்ள நாற்பதையும் சேர்த்துக் கட்டினாலும் அதற்குப் பாதி வராது.

அவள் அடுத்த தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். சிரித்திருந்தால் வெளியே போ என்று சொல்லியிருப்பேன். மற்ற ஐந்து தாளிலும் முதல் வரியைச் சேர்த்துக் கூட்டினோம். அவள் கம்ப்யூட்டர் சொன்னது கடைசிப் புள்ளி வரை வந்தது. உருண்டை பிரிகிறது. ஒட்டி நிற்கிற வரியைச் சேர்த்தால் பிரிகிறது. அந்த வரியைத்தான் நான் ஏழு தாளிலும் சாமிக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் கேட்கவே இல்லை.

"சார்ட்ட நான் எதுவும் சொல்லல ஆன்ட்டி," என்றாள் வாசலில். செருப்பின் வாரை மாட்ட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

மார்கழி 23, வெள்ளி

ரசத்தில் உப்பு இல்லை. அத்தான் அதையும் குடித்தார்.

மார்கழி 25, ஞாயிறு

ஏழாவது தாள் கிடைத்தது. அவருடைய தடித்த ஜெர்மன் அகராதிக்குள். அவருக்கு ஜெர்மன் தெரியாது, நான் அதைத் தூசி தட்டுவதோடு சரி. ஒளித்துவைக்கக்கூட வகையில்லாத மனுஷர்.

முதல் வரியைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில் சரியான கூட்டுத்தொகை. அடியில் அவர் எழுத்தில் தேதி, 12-8-90.

அத்தான் தோசையில் இருந்தார். தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது எப்பத் தெரியும்?"

"தேதி போட்டிருக்கே."

"மூணரை வருஷமா."

"ம்."

"அந்தப் பிள்ளையோட அஞ்சு வருஷத்துல மூணரை."

தோசையைச் சட்னியில் ஒற்றினார்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லிராதீங்க. உங்க பேரு போயிரும்னு பயம்."

"ரெண்டும்தான்," என்றார்.

"எது எத்தனை பங்கு?"

"அதைப் பிரிக்கத் தெரியல பிரம்மு." தட்டைத் தள்ளி வைத்தார். "அந்த வருஷம் நீ இந்தத் தாளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சு நடமாடினே. அது தப்புன்னு எந்த வாயால சொல்ல?"

எந்த வாயாலாம். மூன்றரை வருஷம் தினமும் நான் தப்புக் கூட்டலுக்குக் குங்குமம் வைப்பதைப் பார்த்துக்கொண்டே தோசை தின்ற வாய் இருக்கிறதே, அந்த வாயால் சொல்லியிருக்கலாம்.

சொன்னேன். சங்கல்பம் முறிந்தது. நாலு நாள் பாக்கி இருக்கையில்.

"அவ அப்பா அம்மா அவளைப் பெத்து, அஞ்சு வருஷம் உங்கள நம்பி விட்டிருக்காங்க. நம்ம துக்கத்துக்கு அவ எதுக்கு வட்டி கட்டணும்?" என்று கேட்டேன். நம்ம துக்கம் என்ற வார்த்தை எங்கிருந்து வந்ததோ. அதை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அத்தான் தள்ளி வைத்த தட்டை இழுத்தார். மிச்சத் தோசையைத் தின்றார். ஆறிப்போயிருந்தது, வேறு வார்த்துத் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை.

மார்கழி 27, செவ்வாய்

கையெழுத்து மட்டும் போதாது என்றேன். லண்டன் பத்திரிகைக்குத் திருத்தம் போக வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை செய்ய வருகிறவர்கள் அத்தான் கட்டுரையை நீட்டி அந்தப் பெண்ணைக் குடைவார்கள். அத்தான் உட்கார்ந்து எழுதினார். அகராதியோடு நானும் உட்கார்ந்தேன்.

'கணக்கீட்டில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது.' இது அவர் எழுதினது.

"சிறு பிழையா? முடிவையே கவிழ்த்திருக்கு. அப்புறம், நேர்ந்ததா? தானா நேர்ந்ததா, தூறல் மாதிரி?"

அடித்துவிட்டு மறுபடி எழுதினார். கடைசியில் நின்றது இதுதான்: ஏழு தாள்களிலும் கோளங்கள் தொடும் முதல் வரியைக் கூட்டியவர் சேர்க்காமல் விட்டார், ஆசிரியர் சரிபார்க்கத் தவறினார், சேர்த்தால் கலவை பிரிகிறது, இதைக் கண்டது ஜெ. ஜெபக்கனி.

"கூட்டியவர்னா யாரு? பேரைப் போடுங்க."

"வேண்டாம் பிரம்மு."

"போடுங்க."

"நன்றி சொன்னப்போ உன் பேரைப் போடல நான். தப்புக்கு மட்டும் போடவா?"

"அன்னைக்குப் போடாதது உங்க தப்பு. இது என் தப்பு. அவங்கவங்க கணக்கு அவங்கவங்களுக்கு."

தாளை நேராக்கிக்கொண்டார். ஆ. பிரமநாயகி என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பெயர் அச்சில் வரப்போவது இதுதான், அதுவும் லண்டனில். தமாஷ்தான்.

மார்கழி 29, வியாழன், போகி

பதிவு முடிகிற நாள். காலையில் ஜெபக்கனி வந்தாள். அத்தான் கூடத்தில் வைத்தே நாலு பிரதியிலும் கையெழுத்திட்டார். நாலு அத்தியாயமும் இருந்தன. திருத்தத்தின் நகலை அவரே அவளிடம் கொடுத்தார்.

வாசித்தாள். "சார், ஆன்ட்டி பேரு எதுக்கு சார்?"

"அவதான் போடச் சொன்னா. இந்த வீட்ல என் பேச்சு எடுபடுமா?" என்றார். ஏதோ எடுபட்டுக்கொண்டிருந்த மாதிரி.

பதினொன்றரைக்கு அலுவலகத்தில் கொடுத்தாயிற்று என்று பக்கத்து வீட்டுப் போனில் சொன்னாள். சீல் குத்துகிறவர் போகிக்கு அரை நாள் லீவில் போயிருந்தாராம். அவர் வீட்டுக்கே ஆட்டோவில் போய்க் கூட்டிவந்திருக்கிறாள். நான் எதிர்பார்த்ததைவிடக் கெட்டி.

சட்டத்தைக் கழற்றினேன். எரிக்க மனம் வரவில்லை. தகரப்பெட்டியில் ஏழு தாளோடு சேர்த்துக் கட்டி வைத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க இந்த வருஷம் ஆள் தேட வேண்டும்.

தை 1, வெள்ளி

புத்தரிசி. முதல் படி சாமி பானைக்கு. அளக்கும்போது வாய்விட்டு, "ஒண்ணு," என்றேன். கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது படியை இரண்டு என்றேன். சொல்லிக் காட்டுகிறேன் என்று சாமி கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்தால் என்னிடம் வரட்டும், எனக்கும் அவனிடம் கேட்க இருக்கிறது.

தை 3, ஞாயிறு

காணும் பொங்கல். ஜெபக்கனி அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எஸ்தரம்மாள், ஆரம்பப்பள்ளி டீச்சர். ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டியும் ஒரு சீப்பு பழமும் கொண்டுவந்திருந்தார். சௌந்தரம் மதினியும் இருந்தார், எப்போதும் போல நல்ல நாற்காலியில்.

எஸ்தரம்மாள் அத்தானைக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "உங்களப் பத்திதான் வீட்ல ஒரே பேச்சு," என்றார். பிறகு எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார். "பிள்ளைங்க எத்தனைம்மா?"

மதினி எனக்கு முந்திப் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒண்ணு," என்றேன்.

மதினியின் வாய் திறந்தபடியே நின்றது. அதற்காகவே இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.

"பொம்பளப் பிள்ளை. ஒம்பது வருஷத்துக்கு முன்னால. ஒரு பகல் இருந்தா."

எஸ்தரம்மாள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கருப்பட்டிக் கொட்டானை என் மடியில் வைத்து, அதன் மேல் என் கையை எடுத்து வைத்து, தன் கையை அதன் மேல் வைத்தார்.

அத்தான் எழுந்தார். "காப்பி போடுதேன்," என்றார், யாரையும் பார்க்காமல்.

காப்பி போடுகிறாராம். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் சீனி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷர். உள்ளே டப்பாக்களைத் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. கொட்டானை இறக்கி வைத்தேன். உள்ளே போனேன். அலமாரிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் கடுகு டப்பா.

மேல்தட்டிலிருந்து சீனியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், திரும்பவில்லை. நான் வந்துவிடவில்லை, பக்கத்திலேயே நின்றேன். எங்கள் அடுக்களை ஒடுக்கம். இரண்டு பேர் நின்றால் நடுவில் எதுவும் நுழையாது. வெளியே நெருக்கவும் யாரும் இல்லை.

சீனி: மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ஏழு.